பனிக்கட்டியின் மேல் ஒரு நீர்ப்படலம்



ஜனவரியில் சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாக ஸ்பிதிப் பள்ளத்தாக்கிலுள்ள காஸாவுக்குக் கார் ஓட்டிச் செல்லப்போவதாக எழுதி, "நான்கு சக்கரத்துக்கும் விசை போகிற வண்டி ஐயா, பனியில் என்ன பயம்?" என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தாயே, அந்தக் கேள்வி இரண்டு நாட்களாக என் மனத்தை உறுத்துகிறது. கம்பளி, ஆகாரம், மருந்து பற்றியெல்லாம் நீ அறிவாய். இந்த ஒரு பிரமையைக் களைவதே என் நோக்கம்.

நான்கு சக்கர விசை வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. பிரேக் எந்தக் காரிலும் நான்கு சக்கரங்களையும்தான் பிடிக்கிறது. உலர்ந்த தார்ச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, பிரேக் பிடித்த பின் ஏறக்குறைய 9 மீட்டரில் நின்றுவிடும். உராய்வு ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் பனிக்கட்டியின் மேல் அதே வண்டிக்கு 60 மீட்டருக்கு மேல் வேண்டும். மலையைக் குடைந்த பாதையில் அடுத்த வளைவு அவ்வளவு தூரத்தில் இருக்குமா?

பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது என்று உன்னைக் கேட்டால், பாரம் அழுத்துவதால் உருகி வழுக்குகிறது என்பாய். பாடப்புத்தகங்கள் இதைத் திரும்பத் திரும்ப அச்சிடுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஒரு வளிமண்டல அழுத்தம் உருகுநிலையை 0.0074 டிகிரிதான் தாழ்த்தும். டயரின் அழுத்தமோ ஒரு டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்கைக்கூட அசைக்காது. 1850-இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே செய்து காட்டியதை நீயும் வீட்டிலேயே செய்து பார்: ஐஸ் பெட்டியிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்து, மேற்பரப்பு சற்றே நீர் கோத்துப் பளபளத்ததும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடி; ஒட்டி ஒன்றாகிவிடும். பனிக்கட்டியின் மேற்பரப்பில் இயல்பாகவே ஒரு நீர்ப்படலம் உண்டு என்பது அவர் கண்ட முடிவு. குளிர் குறையக் குறைய அப்படலம் தடிக்கும். ஆகவே −20 டிகிரியில் இறுகிக் கிடக்கும் விடியற்காலைப் பனிக்கட்டியைவிட, 0 டிகிரியை நெருங்கி ஈரமாய் மின்னும் நண்பகல் பனிக்கட்டியே அதிகம் வழுக்கும். அதிலும் மோசமானது ஒன்றுண்டு: சரிவிலிருந்து பகலில் உருகிவந்து சாலையைக் கடக்கும் நீர், வெயில் படாத வளைவுகளில் மாலையில் உறைந்து, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் தகடாகிவிடும். பிற்பகல் மூன்று மணிக்குள் பிரயாணத்தை முடித்துவிடு; இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் தாழ்ந்த கியரில் ஊர்ந்து இறங்கு.

டயர்ச் சங்கிலியை இப்போதே உன் வீட்டு வாசலில், கையுறை அணிந்தபடி, இரண்டு முறை பூட்டிக் கழற்றிப் பார். மரத்துப்போன விரல்கள் அங்கே புதிதாக எதையும் கற்காது. இரவில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்தால் அது உறைந்து பிடித்துக்கொள்ளக்கூடும். வண்டியைக் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் கொடு. சமவெளி டீசலில் கடுங்குளிரால் மெழுகு பிரிந்து வடிகட்டியை அடைக்கும். லடாக்குக்கென்றே இந்தியன் ஆயில் நிறுவனம் −33 டிகிரியிலும் உறையாத டீசலை 2019 நவம்பரில் வெளியிட்டது இக்காரணத்தால்தான்.

வழியில் எதிர்ப்படும் லாரிக்காரர்களிடம் பாதை விவரம் கேள். அவர்கள் பொறு என்றால் பொறுத்திரு. மணாலிப் பக்கமாக இறங்கிவிடலாம் என்று மட்டும் எண்ணாதே. அவ்வழியிலுள்ள குன்சும் கணவாய் குளிர்காலத்தில் மூடிக் கிடக்கும். போன வழியேதான் நீ திரும்பியாக வேண்டும்.