கஞ்சா வழக்கில் டி.என்.ஏ. எதைச் சொல்லும்?

கேள்வி: வழக்கறிஞராகப் பதிவு செய்து சில மாதங்களே ஆகின்றன. சீனியரிடம் ஒரு கஞ்சா வழக்கு வந்திருக்கிறது. பிடிபட்டது, காய்ந்து நொறுங்கிய இலைத்தூள். தடய அறிவியல் ஆய்வக அறிக்கையில் நுண்ணோக்கிச் சோதனையும் வேதியியல் சோதனையும் மட்டுமே உள்ளன. டி.என்.ஏ. சோதனை கேட்டு மனுப் போட்டால் உண்மை வெளிவராதா?
– இளம் வழக்கறிஞர், தேனி

பதில்: எந்த உண்மை வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ‘இது கஞ்சாச் செடியிலிருந்து வந்ததா?’ என்று கேட்டால் டி.என்.ஏ. தெளிவாகச் சொல்லிவிடும். இலையின் பச்சைச் செல்களில் பசுங்கணிகங்கள் பல, ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ. பிரதிகள் பல. அதனால் பொடியாகிப்போன சரக்கிலும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அதில் குறிப்பிட்ட ஒரு பகுதியைப் பெருக்கிப் படித்தால், நெருங்கிய உறவான ஹாப்ஸ் செடியிலிருந்துகூடக் கஞ்சாவைப் பிரித்துவிடலாம். வழக்கமான நுண்ணோக்கிச் சோதனை இலையின் வளைந்த மயிரிழைகளைத் தேடுகிறது. நிறச் சோதனை வேதிப்பொருள்களைத் தேடுகிறது. மயிரிழை சிதைந்த தூள், வேர், முளைத்த நாற்று போன்றவற்றில் டி.என்.ஏ. பெரிய துணை.

ஆனால் உங்கள் வழக்கின் முடிச்சு வேறிடத்தில் இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், பூத்த அல்லது காய்த்த நுனிகளைத்தான் கஞ்சா என்கிறது. நுனி சேராத வெறும் இலையும் விதையும் அதில் வராது. பூவிலும் இலையிலும் வேரிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். ஆகவே, தூள் எந்தப் பாகம் என்று அந்தச் சோதனையால் சொல்ல முடியாது. போதை தரும் டி.எச்.சி. எவ்வளவு என்பதையும் அது அளக்காது. அதற்கு வேதியியல் சோதனைதான் வேண்டும். வெறுமனே டி.என்.ஏ. கேட்டு வாங்கினால், ‘கஞ்சாச் செடிதான்’ என்று எதிர்த்தரப்புக்கு இன்னொரு சான்றைத் தந்ததாக முடியலாம்.

இரண்டு மூட்டைகள் ஒரே தோட்டத்தவையா என்று பார்க்கலாமே எனலாம். விதையிலிருந்து வளர்ந்த செடிகள் ஒவ்வொன்றும் மரபில் வேறு. கிளை நட்டு வளர்த்தவை ஒன்றுபோல இருக்கும். ஆனால் அந்தக் கிளை பல கை மாறிப் பல தோட்டங்களில் வேரூன்றியிருக்கலாம். ஒத்துப்போனதாலேயே இடம் உறுதியாகிவிடாது.

அறிக்கையில் பூ நுனி இருந்ததாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எடை போட்டபோது தண்டும் இலையும் சேர்ந்தனவா என்று கேளுங்கள். 1 கிலோவுக்குக் குறைந்தால் சிறு அளவு; 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, குறைந்தபட்சம் 10 ஆண்டு சிறை. அதே சட்டத்தின் 52ஏ பிரிவின்படி மாஜிஸ்திரேட் முன்னிலையில் மாதிரி எடுத்தார்களா, முத்திரை பிரியாமல் ஆய்வகம் சேர்ந்ததா என்பதையும் விடாதீர்கள். மாதிரியே சரியில்லை என்றால் எந்தச் சோதனையும் நிற்காது.

அறிக்கை கிடைத்த தேதியையும் உடனே சரிபாருங்கள். மறு ஆய்வு மிக அரிதான நிலையில் மட்டுமே உண்டு, அதுவும் அறிக்கை கிடைத்த 15 நாளுக்குள் கேட்க வேண்டும் என்று 2013இல் தானா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.