அயல்நாட்டு வேலையும் வரவு செலவுக் கணக்கும்

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் வாக்கு. லாரிக்கு ஒரு டயர் வாங்குவதென்றாலும் நான்கு கடை ஏறி விலை கேட்பவர்கள் நாமக்கல் வட்டாரத்து மக்கள். அவர்களே அயல்நாட்டு வேலை என்றதும், ஏஜெண்ட் சொல்லும் ஒரே தொகைக்குத் தலையாட்டிவிடுகிறார்கள். அந்தத் தொகை மட்டுந்தானா செலவு? வணிகவியல் மாணவன் என்ற முறையில், எங்கள் வீட்டுக் கணக்கையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

என் பெரியப்பா மகன் திருச்செங்கோட்டுப் பக்கம் லாரி ஓட்டி வந்தார். பத்தாம் வகுப்புத் தேறாதவர். சவூதி அரேபியாவில் கனரக வாகன ஓட்டுநர் வேலை என்று ஓர் ஏஜெண்ட் 1,40,000 ரூபாய் கேட்டார். விசாவுக்கு 70,000, இக்காமா என்னும் குடியிருப்பு அனுமதிக்கு 25,000, விமானச் சீட்டுக்கு 25,000, ஏஜெண்டுக்கு 20,000 என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். ரசீது இல்லை. “கணக்கெல்லாம் எதுக்குடா தம்பி? போனா ஆறு மாசத்துல வந்துரும்” என்றார் அண்ணன். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

நகையைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து 60,000 வந்தது. வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 9. மீதி 80,000 மூன்று வட்டிக்கு, அதாவது மாதம் நூற்றுக்கு 3 ரூபாய்க்கு வாங்கியது. “அடுத்த வாரம் விமானம்” என்ற பேச்சை நம்பி, மாதம் 18,000 ரூபாய் கிடைத்த லாரி வேலையையும் அண்ணன் விட்டார். விமானம் ஏற நான்கு மாதம் ஆயிற்று. முதல் பணம் வீடு வந்து சேர்ந்தது ஏழாம் மாத முடிவில்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். மூன்று வட்டிக் கடனுக்கு மாதம் 2,400. ஏழு மாதத்துக்கு 16,800. நகைக்கடனுக்கு மாதம் 450. ஏழு மாதத்துக்கு 3,150. நான்கு மாதம் இழந்த கூலி 72,000. இதைத்தான் நம் பாடநூல்கள் ‘வாய்ப்புச் செலவு’ என்கின்றன. ஏஜெண்டுக்குக் கொடுத்ததையும் சேர்த்தால் 2,31,950 ரூபாய். அண்ணன் மாதம் 20,000 அனுப்பினார். மேற்கொண்டு ஏறும் வட்டியைத் தள்ளிவிட்டாலும், இதை ஈடுகட்டவே ஏறக்குறைய 12 மாதம் வேண்டும். ஒப்பந்தமோ இரண்டே ஆண்டு. பாதிக் காலம் கடனுக்கே உழைத்தாயிற்று.

இதில் நியாயமாக அவர் கொடுக்க வேண்டியது எவ்வளவு? சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40ஆவது பிரிவுப்படி, ஆளெடுக்கும் கட்டணம், இக்காமாக் கட்டணம், அதைப் புதுப்பிக்கும் கட்டணம் யாவும் முதலாளியைச் சேர்ந்தவை. ஆகவே விசாவுக்கும் இக்காமாவுக்கும் வாங்கிய 95,000 அண்ணன் தலையில் விழ வேண்டியதே அன்று. நம் நாட்டில் 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற முகவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணம் உச்ச அளவாக 30,000 ரூபாய். 18 விழுக்காடு வரியுடன் 35,400. சாதாரணப் பாஸ்போர்ட்டுக்கு 1,500, காவல்துறைச் சான்றுக்கு 500. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடியேற்ற அனுமதி பெற வேண்டும். அவர் கட்டாயமாக எடுக்கவேண்டிய 10 லட்ச ரூபாய்க் காப்பீட்டுக்கு இரண்டாண்டுப் பிரீமியம் 275. இவற்றின் கூட்டுத்தொகை 37,675. மருத்துவப் பரிசோதனைக்கும் வழிச்செலவுக்கும் தனியே ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

முதலாளியே செலவை ஏற்பது புதிய கொள்கையன்று. நூறாண்டுக்கு முன் சேலம் மாவட்டத்திலிருந்து கங்காணிகள் வழியாக இலங்கைக்கும் மலாயாவுக்கும் ஏராளமானோர் சென்றனர். இலங்கையில் தொழிலாளியின் கடனைச் சீட்டில் எழுதித் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய ‘துண்டு’ முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. மலாயாவில் 1907இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் பணம் செலுத்தினர். அதிலிருந்தே தொழிலாளர் கப்பல் கட்டணம் கொடுக்கப்பட்டது. அன்றைய துண்டுக்கும் அண்ணன் கையிலிருந்த துண்டுத் தாளுக்கும் எனக்கு அதிக வேற்றுமை தெரியவில்லை.

ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டிலோ ஊரிலோ ஒருவர் புறப்பட்டால் ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள். என்ன செலவு, அது யாருடைய பொறுப்பு, எப்போது கட்ட வேண்டும், ரசீது உண்டா, கடனானால் மாத வட்டி என்ன? முகவரின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். 1978இல் தமிழ்நாடு அரசு சென்னையில் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம். விசா கைக்கு வரும்வரை இருக்கும் வேலையை விடவேண்டாம். முதல் பணம் வர ஏழு மாதம் ஆகும் என்றே வைத்துக் கடனைக் கணக்கிடுங்கள்.

சென்ற மாதம் அண்ணன் தொலைபேசியில் பேசினார். அவர் மைத்துனரும் புறப்படுகிறாராம். “தம்பி, அவன் பணம் கட்டறதுக்கு முன்னாடி நீ ஒருக்கா கணக்குப் போட்டுக் குடு” என்றார். மூன்றாண்டு படித்த வணிகவியல் பாடத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அதுதான். அன்றிரவே தாளில் கட்டம் போட உட்கார்ந்தேன்.