மலைக்குட்டை நியூட்

விவேக் நகரில் ஒரு ஷீட் போட்ட வீடு. அந்த வீட்டு அம்மா இட்லிக் கடை வைத்திருக்கிறார். மாலையில் எழுத்தறிவு வகுப்புக்குப் போகிறார். அவருடைய மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான்.

அது மே மாதம். அம்மாவின் தம்பி லாரி ஓட்டுநர். டார்ஜிலிங் பக்கம் போய் வந்தார். அக்கா மகனுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா கொண்டு வந்தார். உள்ளே பல்லி போல ஒரு பிராணி இருந்தது. பழுப்பு நிறம். முதுகின் இரு பக்கமும் வரிசையாகப் புடைப்புகள்.

"இதன் பெயர் நியூட். மலையில் ஒரு குட்டையில் பிடித்தேன். நீ வளர்த்துக்கொள்" என்றார் மாமா.

பையன் துள்ளிக் குதித்தான். தொட்டியில் குழாய்த் தண்ணீர் நிரப்பினான். சோறு போட்டான். நியூட் தின்னவில்லை. மூன்றாம் நாள் அசையாமல் கிடந்தது.

அம்மா டீச்சரிடம் சொன்னார். டீச்சர் வந்து பார்த்தார்.

"இது பல்லி இல்லை தம்பி. தவளைக்கு உறவு. தோலாலும் மூச்சு விடும். டார்ஜிலிங் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மே மாதத்திலும் அங்கே குளிரும். இங்கே ஷீட் வீட்டில் தண்ணீர் சூடாகிவிடுகிறது. சூடான தண்ணீரில் உயிர்க்காற்று குறையும். குழாய்த் தண்ணீரில் குளோரின் மருந்து இருக்கும். அது இதன் தோலைக் கெடுக்கும். சோறும் இதற்கு ஆகாது. புழு, பூச்சிதான் இதன் தீனி."

மண்பானையில் நேற்றே பிடித்து வைத்த தண்ணீர் இருந்தது. அதைக் கொஞ்சமாக ஊற்றினார்கள். நிழலில் வைத்தார்கள். ஏறி உட்கார ஒரு கல் வைத்தார்கள்.

"கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. இதன் தோலில் நச்சுநீர் சுரக்கும்" என்றார் டீச்சர். பிறகு, "இதை வீட்டில் வைக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைக் காக்கிறது. பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம்" என்றார்.

மாமாவின் முகம் வாடியது. "அக்கா, என் மேல் கேஸ் போடுவார்களா? ராத்திரியில் ஏதாவது ஏரியில் விட்டுவிடலாமே?"

"வேண்டாம். இங்குள்ள ஏரி இதற்கு ஒத்துவராது, செத்துப்போகும். இதனிடம் நோய் இருந்தால் நம் ஊர்த் தவளைகளுக்கும் தொற்றும்" என்றார் டீச்சர்.

அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தெரியாமல் செய்தாய் தம்பி. தெரிந்த பிறகு மறைத்தால் அது பெரிய தப்பு. நானும் உன்னோடு வருகிறேன்."

மறுநாள் விடியற்காலையில் வனத்துறை அலுவலகம் போனார்கள். மாமா நடந்ததை மறைக்காமல் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். மாமாவைக் கண்டித்தார். கூப்பிட்டால் வர வேண்டும் என்றார். சாட்சிக்கு அம்மாவைக் கேட்டார். அம்மா மை டப்பாவைத் தேடவில்லை. எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

"சார், அது மறுபடி மலைக்குப் போகுமா?" என்று பையன் கேட்டான்.

"முதலில் பிழைக்கட்டும் தம்பி" என்றார் அதிகாரி.

தெரிந்துகொள்வோம்

காலும் வாலும் உள்ள இந்தத் தவளை உறவினம் தென்னிந்தியாவில் இல்லை. கிழக்கு இமயமலையிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் உண்டு. மழைக்காலத்தில் குட்டைகளில் முட்டையிடும். டார்ஜிலிங் அருகே ஜோர்போக்ரியில் இதற்காகவே ஒரு சரணாலயம் உள்ளது.

விடை சொல்லுங்கள்

1. நியூட் ஏன் சோர்ந்து போனது?
2. ஏரியில் விடுவது ஏன் தவறு?
3. அம்மாவின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?