வர்க்கம், மதிப்பு, அதிகாரம்: மட்டாஞ்சேரி தரும் பாடம்

‘வர்க்கம்’, ‘அதிகாரம்’, ‘ஏற்றத்தாழ்வு’ ஆகிய சொற்களை மேடைதோறும் கேட்கிறோம். அடிக்கடி கேட்பதாலேயே அவற்றின் பொருள் நமக்குத் தெரியும் என்று எண்ணிக்கொள்கிறோம். தேர்வுக்கு முதல்நாள் நூலைத் திறக்கும்போதுதான் நம் தெரியாமை தெரிகிறது. ஐரோப்பிய அறிஞர்கள் தங்கள் காலத்து ஆலைகளையும் அங்காடிகளையும் கண்டு வகுத்த கருத்துகள் அவை. நம் கண்ணுக்கு எட்டிய ஓர் ஊரில் வைத்துப் பார்த்தால் அவை எளிதில் விளங்கும். அவ்வூர், காயலுக்கு அக்கரையில் உள்ள மட்டாஞ்சேரி.

1. வீசி எறிந்த வில்லைகள்

கொச்சியில் புதிய துறைமுகம் அமைக்க ராபர்ட் பிரிஸ்டோ என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1920இல் வந்தார். முகத்துவாரத்தை மறித்துக் கிடந்த திட்டு வெட்டப்பட்டது. 1928இல் கடற்கப்பல் உள்ளே புகுந்தது. தோண்டியெடுத்த மண்ணால் வில்லிங்டன் தீவு எழுந்தது. கப்பல்கள் பெருகின, சரக்கை ஏற்றி இறக்கக் கூலியாட்களும் பெருகினர்.

கப்பல் நாள்தோறும் ஒரே அளவாக வருவதில்லை. பசியோ நாள்தோறும் வருகிறது. விடியலில் வேலை தேடிக் கூடுவோர் பலர். வேலை கிடைப்பது சிலருக்கே. அந்தச் சிலரை எவ்வாறு தேர்ந்தெடுப்பது? ஒப்பந்தக்காரரின் ஆளாகிய மூப்பன், ‘சாப்பா’ எனப்பட்ட உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசி எறிவான். பாய்ந்து பொறுக்கியவனுக்கு அன்று வேலை உண்டு. வில்லைக்காக ஒருவன்மேல் ஒருவன் விழுந்தான். உறவினனும் அண்டை வீட்டானும் ஒருவரை ஒருவர் மிதித்தனர். எறிந்தவனுக்குக் கை வலித்ததில்லை.

2. மார்க்ஸின் விளக்கம்

கார்ல் மார்க்ஸ் (1818–1883) இக்காட்சியைக் கண்டிருந்தால் வியந்திருக்க மாட்டார். வர்க்கம் என்பது வருமானத்தின் அளவு மட்டும் அன்று. உற்பத்திச் சாதனங்களோடு ஒருவனுக்கு உள்ள உறவே வர்க்கம் என்றார் அவர். கப்பலும் கிடங்கும் முதலும் ஒருவனிடம். உழைப்பு மட்டும் மற்றவனிடம். பின்னவன் தன் உழைப்பை விற்றே தீரவேண்டும்.

1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்பகுதியில் அவர் மற்றொன்றும் காட்டினார். வேலையற்று வாயிலில் காத்து நிற்கும் பட்டாளம் முதலாளித்துவத்துக்குத் தற்செயலாய் நேர்ந்த குறை அன்று. வேலையில் இருப்பவன் கூலி உயர்வு கேட்காதிருக்க அப்பட்டாளம் தேவைப்படுகிறது. சாப்பா கிடைக்காமல் திரும்பியவனும் அறியாமலே முதலாளிக்கு ஒரு தொண்டு செய்தான் என்பது இதன் பொருள்.

ஒரே நிலையில் இருப்பது வேறு. ஒரே நிலையில் இருக்கிறோம் என்று உணர்வது வேறு. வில்லைக்காக மோதியவர்கள் முதல் வகை வர்க்கம். சங்கம் கண்டு, சாப்பாவை எதிர்த்து நின்றபோது அவர்கள் இரண்டாம் வகை ஆயினர். அம்மாற்றத்துக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1953 செப்டம்பர் 15ஆம் நாள், திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில், மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. அப்போராட்டத்தில் உயிரிழந்த சைது, சைதலவி, ஆன்டணி ஆகியோரின் பெயர்களை அவ்வூர் மறக்கவில்லை.

3. தொழுகைக்கூடத்தின் இருக்கை

இத்துடன் பாடம் முடிந்ததா? துறையிலிருந்து சிறிது தூரம் நடந்து யூதத்தெருவுக்குள் செல்வோம். அங்கே 1568இல் கட்டிய பரதேசி யூதர் தொழுகைக்கூடம் உள்ளது. இறைவன் ஒருவனே என்று கூறும் சமயம். எண்ணிக்கையிற் சிறிய சமூகம். அதற்குள்ளும் ‘வெள்ளையர்’, ‘கறுப்பர்’ என்ற பிரிவுகள் இருந்தன. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர் எனப்பட்டவர்களுக்குப் பரதேசிக் கூடத்தின் இருக்கைகளில் அமரும் உரிமை இல்லை.

அந்த வழியில் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967). சென்னையில் சட்டம் படித்து வழக்கறிஞரானார்; கொச்சிச் சட்டசபையில் உறுப்பினராய் இருந்தார்; 1929இல் லாகூர்க் காங்கிரசுக்கும் சென்றார். சட்டசபையில் அவருக்கு நாற்காலி இருந்தது. தம் தொழுகைக்கூடத்தில் இருக்கை இல்லை. காந்தியடிகளின் வழியைப் பின்பற்றி அங்கேயே சத்தியாகிரகம் செய்தார். தடைகள் ஒரே நாளில் உடையவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்ந்தன.

வர்க்கம் என்ற ஒரே அளவுகோலால் சேலத்தை அளக்க முடியுமா? முடியாது. இங்கே நமக்குத் துணைவருபவர் மாக்ஸ் வெபர் (1864–1920). ஏற்றத்தாழ்வுக்கு ஒரு வேர் போதாது, மூன்று வேர்கள் உண்டு என்று அவர் பிரித்தார். சந்தையில் ஒருவனுக்குள்ள வாய்ப்பு வர்க்கம். சமூகம் அவனுக்கு அளிக்கும் அல்லது மறுக்கும் மதிப்பு இரண்டாவது. அதிகாரத்தைப் பற்றும் நோக்கத்தோடு சேரும் கட்சி மூன்றாவது. மதிப்புக் குழு எதைக்கொண்டு தன்னைக் காக்கிறது? யாரோடு உண்பது, யாரை மணப்பது, யாரை அருகில் அமர்த்துவது என்ற விதிகளைக்கொண்டு காக்கிறது. பட்டம் பெற்றால் வர்க்கம் மாறலாம். மதிப்புக் குழுவின் கதவு அதனால் மட்டும் திறந்துவிடாது. இதைத் தமிழ் மாணவருக்கு விளக்க மேலும் எடுத்துக்காட்டு வேண்டுமா? நம் ஊர்த் தெருக்களே போதும்.

4. அதிகாரம் யாரிடம்?

அதிகாரம் என்பதை வெபர் எளிதாக வரையறுத்தார்: பிறர் எதிர்த்தாலும் தன் எண்ணத்தை நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பு. மூப்பன் செல்வன் அல்லன். துறைமுகம் அவனுடையதும் அன்று. ஆயினும் வில்லை அவன் கையில் இருந்தது. ஆகவே ‘உடைமை யாருடையது?’ என்ற கேள்வியோடு, ‘பங்கிடுவது யார்?’ என்ற கேள்வியையும் நாம் கேட்க வேண்டும். சாப்பாவை ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாற்றினால் மட்டும் போதாது. பங்கீட்டுக்கு விதி வேண்டும்.

அவ்விதி சட்டமாய் வந்தது. துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. கொச்சிக்கான திட்டம் 1959இல் வந்தது. பெயரைப் பதிவேட்டில் எழுதி, முறைவைத்து வேலை தருவது இத்தகைய திட்டத்தின் அடிப்படை. பதிவேட்டில் பெயருள்ளவன் எவன் காலடியிலும் குனிய வேண்டியதில்லை. விருப்பு வெறுப்புக்கு மாறாக எழுதப்பட்ட விதி ஆளும் இந்நிலையையே வெபர் சட்டவழி ஆட்சி என்றார். பதிவேட்டில் இடம் பெறாதவன் நிலை என்ன என்ற கேள்வி அப்போதும் எஞ்சியது என்பதையும் மறக்கலாகாது.

5. நம்மவர் துறை

இறுதியாக, கொச்சிக் கோட்டைப் பகுதியில் வேலி என்னும் இடத்தில் உள்ள சலவைத்துறையைக் காண்போம். அங்கே தமிழ் பேசும் வண்ணார் குடும்பங்கள் தலைமுறைகளாய் வெளுத்து வருகின்றன. டச்சுக்காரரின் படையுடைகளை வெளுக்க முன்னோர் தமிழகத்திலிருந்து வந்ததாக அவர்கள் சொல்கின்றனர்.

பிரெஞ்சு அறிஞர் எமில் துர்க்கைம் 1893இல் தொழிற்பகுப்பைப் பற்றி எழுதிய நூலில், வேலைகள் பிரிவதால் மனிதர் ஒருவரை ஒருவர் சார்ந்து ஒற்றுமை பெறுவர் என்றார். ஆனால் ஒருவனது ஆற்றலுக்கு ஏற்ப அமையாமல், புறத்தே இருந்து சுமத்தப்படும் பிரிவினை ஒற்றுமையை வளர்க்காது என்றும் எச்சரித்தார். அம்பேத்கர் 1936இல் இன்னும் கூர்மையாய் இதைக் காட்டினார்: சாதி, வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்வோரையே பிரித்து மேல்கீழாய் அடுக்குகிறது. வெளுப்பதில் இழிவு இல்லை. பிறப்பாலே ஒருவனை அத்துறையில் நிறுத்துவதே இழிவு.

நண்பர்களே, சாப்பா ஒழிந்தது. ஆயினும் கைப்பேசியில் அடுத்த வேலை வந்து விழுமா என்று உணவகத்து வாயிலில் காத்திருக்கும் இளைஞரை நாள்தோறும் காண்கிறோம். எறியும் கை கண்ணுக்குத் தெரியவில்லை. அவரிடம் மார்க்ஸின் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். விடுதிக்குப் புதிதாய் வரும் மாணவரிடம் ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, நாம் தேடுவது எதை? அங்கே வெபரின் கேள்வியை நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். நம் சங்கத்தின் கூட்டத்தில் எல்லாருக்கும் இருக்கை உண்டு. அதில் அமர்ந்தவர் எல்லாரும் சமமாய் அமர்ந்திருக்கிறோமா என்பதே இப்பாடத்தின் தேர்வு.