சிறுசாதி நாய்க்குட்டி தெரிதல்: கடுவனா, பெட்டையா?

கமக்காரர் வீட்டில் நாய் காவலுக்குரிய பிராணியாகும். கோழிக்கூட்டையும் முற்றத்தில் உலரும் நெல்லையும் அது இரவிற் காக்கின்றது. ஊர் நாய்க்குப் பதிலாகப் பொமரேனியன், டக்சன் முதலிய சிறுசாதி நாய்களை விரும்பி வளர்ப்போர் இன்று கிராமங்களிலும் உளர். இவை வளர்ந்த பின்னரும் பெரும்பாலும் 10 கிலோகிராமுக்கு மேற்படாத நிறையுடையன. இவற்றிற்குத் தீன் குறைவாகவே வேண்டும். சிறிய இடமே போதும். அயலார் படலையைத் தொட்டவுடன் குரைத்து வீட்டாரை எழுப்புவதில் இவை பெரிய நாய்களுக்குக் குறைந்தன அல்ல.

குட்டி வாங்கச் செல்வோர் முதலிற் கேட்பது “கடுவன் உண்டா?” என்பதே. ஓர் ஈற்றிற் பிறக்கும் குட்டிகளில் ஏறக்குறையப் பாதி பெட்டைகளாக இருக்கும். யாவரும் கடுவனையே வேண்டுவாராயின் மறுபாதியின் கதி என்ன? பெட்டைக் குட்டிகளைச் சாக்கிலிட்டுச் சந்தையடியிலும் கோயில் வீதியிலும் விட்டுச் செல்வது பலரும் கண்டதே. அவற்றுட் பல பசியால் இறக்கின்றன. தப்பியவை ஓராண்டுக்குள் தாமே குட்டி ஈனுகின்றன. தடுப்பூசி பெறாத இந்நாய்கள் வழியாகவே நீர்வெறுப்பு நோய் மனிதரை எளிதில் அடைகின்றது. ஆதலால், கடுவனா பெட்டையா என்னும் வினா ஒரு வீட்டின் விருப்பம் மட்டும் அன்று. ஊரின் சுகாதாரமும் அதனுடன் தொடர்புடையது.

1. இயல்பில் உள்ள வேறுபாடு

கடுவன் நன்றாகக் காவல் செய்யும், பெட்டை செய்யாது என்னும் எண்ணம் தவறானது. அந்நியரைக் கண்டு குரைப்பதில் இரண்டும் ஒத்தனவே. உண்மையான வேறுபாடுகள் வேறு சில.

பெட்டைகள் பொதுவாக வீட்டுப் பழக்கங்களைச் சற்று எளிதிற் கற்கின்றன. உரிய இடத்தில் மலசலங் கழிக்கப் பழகுவதில் இது தெளிவாகத் தெரியும். கடுவன்கள் தம் எல்லையைக் குறிக்கும் பொருட்டுத் தூண், சுவர், சாக்கு மூடை ஆகியவற்றின்மேற் சிறுநீர் தெளிக்கும். அயலிற் பெட்டை நாய் வேட்கை கொண்டால் வேலியைத் தாண்டி ஓடும். வேறு கடுவன்களுடன் சண்டையிடும். சிறுசாதிக் கடுவன் தன் உருவின் சிறுமையை எண்ணாது பெரிய நாயுடன் மோதிக் கடியுண்டு இறத்தலும் உண்டு.

எனினும், பால் வேறுபாட்டினும் குட்டிக்குக் குட்டி உள்ள வேறுபாடே பெரிதாகும். அஞ்சும் தாயின் குட்டி அஞ்சுவதும், சிறு வயதில் மனிதர் கைபடாது வளர்ந்த குட்டி கடிக்கப் பழகுவதும் கடுவனுக்கும் பெட்டைக்கும் பொதுவானவை.

2. பெட்டையிற் கவனிக்க வேண்டியவை

சிறுசாதிப் பெட்டை பெரும்பாலும் 6 முதல் 10 மாத வயதில் முதன்முறை வேட்கை கொள்ளும். பின்னர் ஏறக்குறைய ஆறேழு மாதங்களுக்கு ஒரு முறை இது நிகழும். ஒவ்வொரு முறையும் இக்காலம் ஏறத்தாழ மூன்று வாரம் நீடிக்கும். தொடக்கத்தில் இரத்தக் கசிவு காணப்படும். கசிவின் நிறம் வெளிறி அளவு குறையும் இரண்டாம் வாரத்திலேயே பெட்டை கடுவனை ஏற்கும். கசிவு குறைந்ததைக் கண்டு வேட்கை தீர்ந்தது எனக் கருதி அவிழ்த்து விடுதல் பலர் செய்யும் பிழையாகும்.

சிறுசாதிப் பெட்டைக்கு இதில் ஓர் ஆபத்து உண்டு. வேலி சரியில்லாத வளவுக்குள் உருவிற் பெரிய ஊர் நாய் புகுந்து சேர்ந்துவிடின், குட்டிகள் தாயின் இடுப்பு வழிக்கு மிஞ்சிய பருமனுடையனவாகலாம். ஒரே சாதிக்குள் சேர்த்தாலும், தலை பெரிதாயுள்ள சிறுசாதிகளில் ஈனுதல் கடினமாகும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். வழக்கமாக 101 முதல் 102 பாகை பரனைற்று வரையிலுள்ள உடல் வெப்பம் 99 பாகைக்குக் கீழ் இறங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஈனுதல் தொடங்கும் என எதிர்பார்க்கலாம். பலமாக முக்கியும் அரை மணி நேரத்துக்குட் குட்டி வெளிவராவிடினும், இரு குட்டிகளுக்கிடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேற் சென்றாலும், முதற் குட்டிக்கு முன் பச்சை நிறத் திரவம் வந்தாலும் தாமதியாது மிருக வைத்தியரிடம் கொண்டு செல்க.

ஈன்ற பின் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள், பாலூட்டும் சிறுசாதித் தாயின் இரத்தத்திற் கல்சியம் குறைந்து உடல் நடுங்கி விறைப்பதுண்டு. இதுவும் உடனடியாக வைத்தியம் செய்ய வேண்டிய நிலையாகும். அவ்வேளையிற் குட்டிகளைத் தாயின் பாலிலிருந்து விலக்கி வைக்க வேண்டும்.

குட்டி ஈனாத பெட்டைக்கும் தொல்லை உண்டு. வேட்கை கழிந்த சில வாரங்களிற் கருப்பையிற் சீழ் கட்டுதல் வயது சென்ற பெட்டைகளில் அடிக்கடி காணப்படுகின்றது. சுவீடன் நாட்டில் நடத்தப்பட்ட ஆய்வுகளின்படி, கருத்தடை செய்யப்படாத பெட்டைகளுள் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை பத்து வயதுக்குள் இந்நோய்க்கு ஆளாயின. மிகுதியாக நீர் குடித்தல், தீனை வெறுத்தல், சோர்வு, துர்நாற்றமுள்ள கசிவு ஆகியன இதன் அறிகுறிகள். கசிவு வெளிவராத நிலையே கூடிய ஆபத்தானது.

வேட்கையைத் தடுக்கும் ஊசியைத் திரும்பத் திரும்ப ஏற்றுதல் இதற்கு மாற்று ஆகாது. அவ்வூசி மருந்துகள் கருப்பைச் சீழ் நோய்க்கும் முலைக் கட்டிகளுக்கும் ஏதுவாகின்றன.

3. கடுவனிற் கவனிக்க வேண்டியவை

கடுவன் குட்டியின் விதைகள் ஏறக்குறைய இரண்டு மாத வயதிற் பைக்குள் இறங்கியிருக்க வேண்டும். சிறுசாதிகளில் ஒன்றோ இரண்டோ இறங்காது வயிற்றுக்குள் அல்லது தொடையிடுக்கில் தங்கிவிடுதல் ஏனைய சாதிகளிலும் கூடுதலாகக் காணப்படுகின்றது. ஆறு மாதம் நிரம்பியும் இறங்காத விதை பின்னர் இறங்கும் என எதிர்பார்க்கலாகாது. வயிற்றுக்குள் தங்கிய விதையிற் பிற்காலத்திற் கட்டி உண்டாகக் கூடுமாதலால் அதனைச் சத்திரசிகிச்சையால் அகற்ற வேண்டும். இக்குறை பரம்பரையாக வருவது. இத்தகைய கடுவனை இனவிருத்திக்குப் பயன்படுத்தலாகாது.

கடுவன் வளர்ப்பதாற் குட்டித் தொல்லை இல்லை என்பர். அவ்வீட்டிற் குட்டி பிறவாது என்பது மெய்யே. ஆனால், அவிழ்த்து விடப்பட்ட ஒரு கடுவன் ஓர் ஊரிற் பல பெட்டைகளைச் சினைப்படுத்த வல்லது. தொல்லை நீங்கவில்லை, அயலார் வளவுக்கு மாறியது.

4. கருத்தடைச் சத்திரசிகிச்சை

குட்டி விற்கும் நோக்கம் இல்லாத வீட்டார் கடுவனாயினும் பெட்டையாயினும் இச்சிகிச்சையைச் செய்வித்தல் நன்று. இதன்பின் மேற்கூறிய வேறுபாடுகளுட் பெரும்பாலானவை குறைந்துவிடும். பெட்டைக்கு வேட்கையும் சினையும் இல்லை. கருப்பைச் சீழ் நோயின் அச்சமும் நீங்கும். இளமையிற் செய்தால் முலைக் கட்டிகளும் குறையும். கடுவன் ஊர் சுற்றுதல் பெரிதும் குறையும். சிறுநீர் தெளித்தலும் கடுவன்களுக்கிடையிலான சண்டையும் பல நாய்களிற் குறையும். குரைத்துக் காக்கும் இயல்பு கெடுவதில்லை.

சிறுசாதிகளில் ஏறக்குறைய ஆறு மாத வயது இதற்கு ஏற்றதென வைத்தியர் பலர் கொள்வர். வேட்கைக் காலத்திற் பெட்டைக்கு இதனைச் செய்யாது, அது கழிந்து இரண்டு மூன்று மாதம் சென்றபின் செய்தல் நலம். ஒரு முறையேனும் குட்டி ஈன்ற பின்னரே செய்ய வேண்டும் என்னும் நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. சிகிச்சை பெற்ற கடுவன் அடுத்த சில வாரங்களுக்குச் சினைப்படுத்தும் வலுவை இழக்காதிருக்கலாம். ஒரு மாதமளவு பெட்டைகளிடமிருந்து அதனை விலக்கி வைக்க வேண்டும். சிகிச்சைக்குப் பின் உடல் பருக்கும் இயல்பு உண்டாதலாற் தீனைச் சற்றுக் குறைக்க வேண்டும்.

2006 ஆம் ஆண்டு முதல் இலங்கையிற் கட்டாக்காலி நாய்களைக் கொல்லும் முறை கைவிடப்பட்டு, தடுப்பூசியும் கருத்தடையும் முதன்மை பெற்றன. இம்முறை வெற்றி பெறுவது வீட்டு நாய்களின் சொந்தக்காரரிலேயே தங்கியுள்ளது. வீட்டு நாயின் குட்டியே நாளைய கட்டாக்காலி நாயாகின்றது.

5. எவ்வீட்டிற்கு எது?

(அ) சுற்று மதிலோ நெருக்கமான வேலியோ இல்லாத வீட்டில், கருத்தடை செய்யாத சிறுசாதிப் பெட்டையை வளர்த்தல் கூடாது. சிகிச்சை செய்விக்க இசைவாராயின் தடை இல்லை.

(ஆ) சிறு பிள்ளைகள் உள்ள வீட்டிற்கு இரு பாலும் ஏற்றவை. அமைதியான தாயின் குட்டியைத் தெரிதலே முக்கியம். மிகச் சிறிய குட்டி பிள்ளைகளின் கையிலிருந்து விழுந்து எலும்பு முறிதல் உண்டு.

(இ) முன்னமே ஒரு நாய் உள்ள வீட்டில் மறுபாற் குட்டி எளிதில் ஒத்துப்போகும். ஒரே பால் நாய்களுக்குள் சண்டை மிகுதி. இரு பெட்டைகளின் பகை சில வேளை கடுவன்களின் பகையினும் கொடிதாகும். மறுபாற் குட்டி கொண்டுவரின் இரண்டில் ஒன்றுக்கேனும் கருத்தடை அவசியம்.

(ஈ) தோட்டக் காணிக்கு டக்சன் தெரிவோர், அது வளை தோண்டி விலங்கு பிடிப்பதற்கென யேர்மனியில் உருவாக்கப்பட்ட சாதி என்பதை மறத்தலாகாது. கடுவனாயினும் பெட்டையாயினும் வெங்காயப் பாத்தியைக் கிண்டும்.

(உ) குட்டி விற்க எண்ணுவோர், ஓர் ஈற்றிற் சிறுசாதி பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு குட்டிகளே ஈனும் என்பதையும், வைத்தியச் செலவையும், பெட்டைக் குட்டிகளை ஏற்போர் உளரா என்பதையும் முன்னரே கணக்கிட வேண்டும்.

6. குட்டியைப் பார்த்துத் தெரிதல்

எட்டு வாரம் நிரம்பாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தல் கூடாது. இயன்றவரை தாயையும் கண்டே குட்டியைத் தெரிக. முலைக்காம்பு இரு பாலுக்கும் உண்டாதலால் அதனைக் கொண்டு பாலறிதல் இயலாது. கடுவனுக்குத் தொப்புளுக்குச் சற்றுப் பின்னே வயிற்றின் நடுவில் ஆண்குறியின் உறை காணப்படும். பெட்டைக்கு அவ்விடம் வெறுமையாய், பின்னங்கால்களுக்கிடையிற் பெண்குறி அமைந்திருக்கும்.

கண் தெளிவாகவும், மூக்கு ஒழுக்கின்றியும், முரசு இளஞ்சிவப்பாகவும் இருத்தல் வேண்டும். உடல் மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருப்பின் புழு உண்டு எனக் கொள்க. தொப்புளில் வீக்கம் உளதா எனத் தடவிப் பார்க்க வேண்டும். குட்டி நடக்கையில் ஒரு பின்னங்காலை இடையிடையே தூக்கி நொண்டினால், முழங்காற் சில்லு இடம் விலகுவதாக இருக்கலாம். சிறுசாதிகளில் இது வழக்கமான குறை. அழைக்கையில் வாலாட்டி வந்து, தூக்கிய சிறிது நேரத்தில் அடங்கும் குட்டியே வீட்டிற்கு உகந்தது. மூலையில் ஒடுங்குவதையும் எந்நேரமும் மற்றவற்றைக் கடிப்பதையும் தவிர்க்க.

7. வீட்டிற்குக் கொண்டுவந்த பின்

மிகச் சிறிய குட்டிகள் பட்டினியைத் தாங்கா. இரத்தத்திற் சீனி குறைந்து தள்ளாடி விழும். ஆதலால் நாளுக்கு நான்கு முறை சிறிது சிறிதாகத் தீன் கொடுக்க வேண்டும். வெங்காயம் சேர்ந்த கறி, சொக்கிளேற்று, வெந்த கோழி எலும்பு ஆகியன ஆகா. உருவிற் சிறிய நாய்க்குச் சிறிதளவு நஞ்சும் பெரிதாகும்.

இரண்டு வார வயது முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை புழு மருந்து கொடுத்தல் வழக்கம். வாங்கும்போது எத்தனை முறை கொடுக்கப்பட்டது எனக் கேட்டறிக. இலங்கையின் பெயரால் அழைக்கப்படும் கொக்கிப்புழு இனம் ஒன்று உண்டு. 1911 இல் விபரிக்கப்பட்ட அவ்வினம் நாயிலும் பூனையிலும் மட்டுமன்றி மனிதரின் குடலிலும் வாழ வல்லது. வெறுங்காலுடன் முற்றத்தில் விளையாடும் பிள்ளைகளின் நலன் கருதி, குட்டியின் மலத்தை அன்றன்றே அகற்றிப் புதைக்க வேண்டும்.

டிஸ்டெம்பர், பார்வோ ஆகிய நோய்களுக்கான தடுப்பூசி 6 முதல் 8 வார வயதிற் தொடங்கி, 16 வாரம் வரை மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறை ஏற்றப்படும். நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியை மிருக வைத்தியர் கூறும் வயதில் ஏற்றி, பின்னர் ஆண்டுதோறும் தவறாது ஏற்றுவிக்க வேண்டும். நீர்வெறுப்பு நோய் பற்றிய கட்டளைச் சட்டம் 1893 ஆம் ஆண்டிலும், நாய்களைப் பதிவு செய்தல் பற்றிய கட்டளைச் சட்டம் 1901 ஆம் ஆண்டிலும் இந்நாட்டில் ஆக்கப்பட்டவை. நாயின் பொறுப்பு சொந்தக்காரரைச் சார்ந்தது என்பது புதிய விதி அன்று.

சிறு குட்டியின் கடிதானே என அலட்சியம் செய்தல் உயிருக்கு ஆபத்தாகும். குட்டியும் இந்நோயைக் காவும். கடித்த அல்லது கீறிய இடத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசாங்க ஆசுபத்திரிக்குச் செல்க. நோயின் அறிகுறி தோன்றிய பின் மருந்து பயன்படாது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. காவலுக்குக் கடுவனும் பெட்டையும் சமமே.
2. இனவிருத்தி வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்க. பாலைப் பின்னர் தெரிக.
3. இனவிருத்தி வேண்டாதார் எப்பாலாயினும் கருத்தடை செய்விக்க.
4. சிறுசாதிப் பெட்டையைப் பெரிய நாயுடன் சேரவிடற்க.
5. விதை இறங்காத கடுவனை இனத்திற்கு விடற்க.
6. வேண்டாத குட்டியைத் தெருவில் விடுவதற்குப் பதிலாக, அது பிறவாது தடுப்பதே கடமை.
7. ஆண்டுதோறும் நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி ஏற்றுவிக்க.

மேலும் விபரம் வேண்டுவோர் தம் பகுதி அரசாங்க மிருக வைத்தியரை அணுகுக.