பிள்ளையின் ஆபரேஷனும் நமது பற்றுவரவுப் புத்தகமும்

"முதலாளி, பிள்ளைக்கு ஆபரேஷனாம்" என்று ஓர் ஏழை விவசாயி நம் கடைக்கு வந்து நின்றால், நாம் ஐம்பதோ நூறோ வெள்ளி கொடுத்து, பக்கத்துக் கடையையும் காட்டிவிடுகிறோம். நல்ல காரியமே. அத்துடன் நம் கடமை தீர்ந்ததா என்பதைச் சற்று ஆராய்வோம்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரஜைகளுக்குக் கட்டணம் சொற்பமே. பணம் கரைவது வேறு வழியில். உடலில் பொருத்தும் சில கருவிகளை நோயாளியே வாங்க நேரிடுகிறது. இருதயக் கோளாறென்றால், 1992இல் கோலாலம்பூரில் அமைந்த தேசிய இருதய நிலையம் வரை போகவேண்டி வரலாம். தாய் பிள்ளையுடன் தங்குவாள். தகப்பன் வேலை கெடும். மூடா நீர்ப்பாசன வயல்களில் வருடத்துக்கு இரண்டு போகம். இரண்டு அறுவடைக்கும் இடையே கையில் காசேது? பாலிங் பக்கத்து ரப்பர்ச் சிறுதோட்டக்காரருக்கோ மழை பெய்தாலும் பால் இல்லை, இலையுதிர்ந்தாலும் குறைவு.

அந்நாட்களில் அவர் வீட்டு எண்ணெயும் சீனியும் நமது கடையிலிருந்துதான் போகின்றன, கடனாக!

இங்கே சூரத்துல் பகராவின் 280ஆம் ஆயத்தை நாம் நினைக்கவேண்டும். நெருக்கடியிலுள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை தவணை கொடுக்கச் சொல்லும் அது, கடனை விட்டுவிடுவதை இன்னும் மேலானதாக வைக்கிறது. அப்படி விட்ட கடனை ஸகாத்தில் கழித்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கூடாதென்பதே பெரும்பாலான உலமாக்களின் தீர்ப்பு. ஸகாத் ஏழையின் கைக்குப் போய்ச் சேரவேண்டும். வாராக் கடனை ஸகாத் என்று எழுதுவது நம் கணக்குக்குத்தான் உதவி, பிள்ளைக்கல்ல.

ஆஸ்பத்திரிச் சமூகநலப் பிரிவு மூலம், சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு மனுச் செய்யலாம். முஸ்லிம் குடும்பமாயின் கெடா மாநில ஸகாத் வாரியமும் உண்டு. தோட்டத்து இந்துப் பிள்ளையாயின் நமது ஸதகாவுக்குத் தடையேதுமில்லை. லைசென்ஸ் பாரங்களோடு மல்லுக்கட்டிப் பழகிய நாம், ஒரு முற்பகல் கடையை மகனிடம் விட்டு அவருடன் போய் வரலாகாதா?

ஆபரேஷன் தேதி தெரிந்த அன்றே அவர் பக்கத்தில் 'அடுத்த அறுவடைக்குப் பின்' என்று குறித்து, அதை அவரிடம் வாயாலும் சொல்லிவிடவேண்டும். சொல்லாவிட்டால், பாக்கிக்கு வெட்கப்பட்டு நம் கடை வாசலைச் சுற்றிக்கொண்டு போவார். பிள்ளைக்குப் பால்மாவு வாங்கக்கூட வரமாட்டார்.