கூடிக் கணக்குப் போடும் வகுப்பு: புதிய ஆசிரியர்களுக்குச் சில சொற்கள்

தொடக்கப் பள்ளியில் கணக்கு எடுக்க வந்திருக்கிறீர்கள். பிள்ளைகளைக் குழுவாக உட்கார வைக்கும்படி பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். உட்கார வைப்பது பெரிய காரியமில்லை. வட்டமாக உட்கார்ந்த நால்வரில் ஒருவன் கணக்குப் போட, மற்ற மூவரும் பார்த்து எழுதினால் அதற்குப் பெயர் குழுக் கற்றல் அல்ல. அந்த மூவரும் தாமாகச் சிந்திக்க என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

1. இரண்டு பேரில் தொடங்குங்கள். எடுத்த எடுப்பில் ஆறு பேர் கொண்ட குழு வேண்டாம். பிராங்க் லைமன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1981-இல் ஓர் எளிய முறையைச் சொன்னார்: முதலில் தனியாக யோசி, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசு, அதன்பின் வகுப்புக்குச் சொல். தனியாக யோசிக்கும் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். மெல்ல யோசிக்கும் பிள்ளைக்கு நீங்கள் தரும் நியாயம் அதுதான். ஜோடி பழகிய பிறகு நால்வராக்குங்கள். அதற்கு மேல் போக வேண்டாம்.

2. குழுக்களை நீங்களே பிரித்து வையுங்கள். பிள்ளைகளிடம் விட்டால் ஒரே தெருக்காரர்கள் ஒன்றாக உட்காருவார்கள். நம் ஊரில் தெரு என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எழுதும் வேலை எப்போதும் பெண் பிள்ளைக்கும், குச்சி எண்ணும் வேலை எப்போதும் ஆண் பிள்ளைக்கும் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். 2022-இல் வந்த தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றலை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளாகப் பிரித்தார்கள். பயிற்சி நூலுக்கு அந்தப் பிரிவு சரி. கூடிச் செய்யும் வேலைக்கு மூன்று நிலையினரையும் கலந்து உட்கார வையுங்கள்.

3. கூடிச் செய்யத் தகுந்த கணக்கைக் கொடுங்கள். பத்துக் கூட்டல் கணக்கு தனியாள் வேலை. அதற்குக் குழு எதற்கு? 24 சதுர அட்டைகளைக் கொடுத்து, எல்லாவற்றையும் பயன்படுத்தி எத்தனை விதமான செவ்வகம் அடுக்கலாம் என்று கேளுங்கள். ஒருவன் 4-க்கு 6 அடுக்குவான், இன்னொருத்தி 3-க்கு 8 அடுக்குவாள். 2-க்கு 12, 1-க்கு 24 என்று மெல்ல வரும். பிறகு ஓர் அட்டையை எடுத்துவிட்டு, 23-ஐ அடுக்கச் சொல்லுங்கள். ஒரே நீள வரிசைதான் வரும். ஏன் என்று அவர்களே சண்டை போட்டுப் பேசுவார்கள். பகா எண் என்ற பெயரை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

4. விடை சொல்வது உதவி ஆகாது. எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். 52-இல் 27-ஐக் கழிக்கச் சொன்னால், 35 என்று எழுதும் பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. 2-இல் 7 போகாது என்பதால் 7-இல் 2-ஐக் கழித்திருக்கும். பக்கத்துப் பிள்ளை, "தப்பு, 25-னு எழுது" என்றால் அதுவும் எழுதும். நாளைக்கு மறுபடி அதே தப்பைச் செய்யும். "35-ஓட 27-ஐக் கூட்டிப் பாரு" என்று சொல்லப் பழக்குங்கள். 62 வந்ததும் தானே முழிக்கும். அப்போது பக்கத்துப் பிள்ளை ஐந்து பத்துக்கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் கையில் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்க்கச் சொல்லட்டும். நோரீன் வெப் என்ற அமெரிக்க ஆய்வாளர் கணக்குக் குழுக்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்னதும் இதுதான்: விளக்கிச் சொல்லும் பிள்ளை வளர்கிறது, வெறும் விடையை வாங்கிக்கொள்ளும் பிள்ளை வளர்வதில்லை.

5. யாரைக் கேட்பீர்கள் என்று தெரியக் கூடாது. குழுவில் ஒவ்வொருவருக்கும் 1 முதல் 4 வரை எண் கொடுங்கள். வேலை முடிந்ததும் சீட்டு எடுங்கள். வந்த எண்ணுக்குரியவர் எழுந்து, எப்படிப் போட்டோம் என்று விளக்க வேண்டும். விளக்கினால்தான் குழுவுக்கு மதிப்பெண். குழுவுக்கு ஒரு பொது இலக்கு, ஒவ்வொருவருக்கும் தனிப் பொறுப்பு: இரண்டும் சேர்ந்தால்தான் பலன் என்று ராபர்ட் ஸ்லாவின் என்ற கல்வி ஆய்வாளர் தம் ஆய்வுகளில் வலியுறுத்தினார்.

6. சட்டாம்பிள்ளையை உருவாக்காதீர்கள். நம் திண்ணைப் பள்ளியில் மூத்த பிள்ளை சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களிடம் பாடம் கேட்டது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அதைப்போல ஒரு முறையை நடத்தி, 1797-இல் லண்டனில் நூலாக்கினார்; 'மெட்ராஸ் முறை' என்று அது இங்கிலாந்தில் பரவியது. ஒப்பிக்கும் பாடத்துக்கு அது பொருந்தும். கணக்கைப் புரிந்துகொள்ள, ஒருவனே என்றும் சொல்பவனாக இருக்கக் கூடாது. எழுதுபவர், சரிபார்ப்பவர், கேள்வி கேட்பவர் என்று வேலையை மாற்றிக்கொண்டே இருங்கள்.

7. சத்தத்துக்கு அஞ்சாதீர்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பேச்சில் எண்கள் காதில் விழுந்தால் அது படிப்புச் சத்தம்.

8. சாக்பீஸைக் கீழே வையுங்கள். சுற்றி வரும்போது விடை சொல்லாதீர்கள். பேசாமல் இருக்கும் பிள்ளையிடம், "நீ எப்படி யோசிச்ச?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வரும்வரை நில்லுங்கள்.

9. கடைசி ஐந்து நிமிடம் தனியாக. அதே மாதிரிக் கணக்கு ஒன்றை ஒவ்வொருவரும் தம் சிலேட்டில் போடட்டும். குழுவில் சரியாக வந்தது தனியே வரவில்லை என்றால், அன்று பாடம் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குழு வேலையைத் தினமும் செய்ய வேண்டாம். வாய்ப்பாடும் எழுத்துப் பயிற்சியும் தனியே நடக்கட்டும். வாரத்தில் இரண்டு பீரியட் ஒதுக்கி, ஒரு பருவம் முழுக்க விடாமல் நடத்திப் பாருங்கள். உங்கள் குழு வேலை எப்படி நடக்கிறது என்பதை முதல் மாணவனின் நோட்டில் தேடாதீர்கள். கடைசி பெஞ்சுப் பிள்ளையை எழுப்பி, விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.